கம்பெனி பெயிண்ட்

“யக்கா, அசல் நீலம் கெடைக்க மாட்டேங்கு” என்றார் சங்கரபாண்டி.

ஜெபராணி ஸ்டாண்டில் நின்ற கார் கதவுக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களில் ஜெபராணிக்கு ஞானி என்று பெயர். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நாள் முழுக்க முகமூடி போட்டிருப்பார். அதைக் கழற்றினால்தான் பேச முடியும், கழற்றச் சோம்பல். குறைவாகப் பேசுகிறவர்களை ஊர் கொஞ்சம் கூடுதலாகத்தான் மதிக்கிறது.

சங்கரபாண்டி தானாக வந்து சேர்ந்த சீடர். மருந்துக்கடைக்காரர். தன் பழைய ஸ்கூட்டரை வீட்டுப் புறவாசலில் பிரித்துப் போட்டு, தானே புதுசாக்கிக்கொண்டிருந்தார். அவர் இவரை யக்கா என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை.

சங்கரபாண்டி பையைக் கவிழ்த்தார். ஸ்பிரே டப்பாக்கள் கலகலவென்று உருண்டன. எல்லாம் நீலம்.

“மூடியில ஒரு நீலம், அடிச்சா ஒரு நீலம், காஞ்சா ஒரு நீலம். எதுவும் என் வண்டி நீலம் இல்ல.”

ஜெபராணி ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கி, தகரத் துண்டில் அடித்துக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார்.

“நல்லாத்தான் இருக்கு. அசல் இல்லையே! என் வண்டி கம்பெனி பெயிண்ட்டுக்கா. ஒரு ஹெட்மாஸ்டர்கிட்ட வாங்குனது. ‘கம்பெனி பெயிண்ட், யார் கையும் படல’ன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு.”

ஜெபராணி முகமூடியைக் கழற்றினார்.

“வீட்டுல என்ன சொல்லுதாவ?”

சங்கரபாண்டியின் முகம் சுருங்கிவிட்டது.

“கோமதி என்கூடப் பேசுததே இல்ல.”

“ஏன்?”

“மட்கார்டைத் துணி காயப்போடுத கொடியில தொங்கவிட்டு அடிச்சேன். பக்கத்துல அவ பட்டுச்சேலை கெடந்துச்சு.”

“அடப்பாவமே.”

“மாம்பழக் கலர் சேலை. இப்ப பாதி நீலம். அதுவும் அசல் நீலம் இல்லக்கா!”

ஜெபராணி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“கல்யாண நாளுக்கு அவளப் பின்னால வச்சுக் குத்தாலம் போவேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். அவ ஏற மாட்டேங்கா. அந்த நீலம் மட்டும் வந்துட்டா, மொத மொத ரெண்டு பேரும் போனது அவளுக்கு ஞாபகம் வரும், மனசு எளகும்னு பாக்கேன். அவ வராம நான் மட்டும் போயி அருவியில நனைஞ்சு என்னத்துக்கு?”

வண்டி வீணாய்ப் போனாலும் அவர் தாங்கிக்கொள்வார். கோமதியின் மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

“ஞாயித்துக்கிழம வாரேன்” என்றார் ஜெபராணி. முகமூடி மேலே ஏறிவிட்டது.

ஞாயிறு காலை முகமூடியோடு வந்தார். பெயிண்ட் எதுவும் கொண்டுவரவில்லை. கையில் ஒரு உப்புத்தாள். ஒரு செம்பில் தண்ணீர் வாங்கிக்கொண்டார்.

ஸ்கூட்டரின் நெற்றியில், முகவிளக்குக்குக் கீழே, தண்ணீர் விட்டுத் தேய்த்தார்.

“ஐயோ! கம்பெனி பெயிண்ட்டுக்கா!”

ஜெபராணி தேய்த்தார். நீலம் கரைந்து வழிந்தது. அடியில் கிளிப்பச்சை.

சங்கரபாண்டி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது என்னதுக்கா?”

ஜெபராணி உப்புத்தாளை அவர் கையில் கொடுத்தார்.

அவர் தேய்த்தார். பச்சைக்கு அடியில் சந்தனக் கலர்.

“அப்ப இதான் அசலா?”

இன்னும் தேயுங்கள் என்று விரலை ஆட்டினார் ஜெபராணி.

சந்தனத்துக்கு அடியில் அரக்குச் சிவப்பு.

“இதுவா?”

விரல் நிற்கவில்லை.

அவர் வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்தார். சிவப்பும் போனது. ஜெபராணி செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றினார்.

வெறும் தகரம். வெயிலில் பளபளத்தது. அதில் அவருடைய மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் அவருக்கு ஹெட்மாஸ்டர் மேல் கோபம் வந்தது. பிறகு, இத்தனை காலம் கடைக்கு வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, மாத்திரையோடு சேர்த்து கம்பெனி பெயிண்ட் பெருமையும் கட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“எவனோ ஒருத்தன் டப்பாவுல மிச்சம் கெடந்ததப் பூசி விட்டிருக்கான். அதத் தேடி நான் மதுர வரைக்கும் போயிருக்கேன் யக்கா!”

சத்தம் கேட்டு கோமதி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்ன கூத்து இங்க?”

அவரிடம் அவள் பேசிவிட்டாள். அவருக்கு அதுவே போதும்போல இருந்தது.

“கம்பெனி பெயிண்ட்டே இல்ல கோமதி! இந்தா பாரு. பச்ச, சந்தனம், செவப்பு…”

கோமதி எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அவளும் சிரித்துவிட்டாள்.

ஜெபராணி முகமூடியைக் கழற்றினார்.

“அண்ணாச்சி, என்ன கலர் அடிக்கணும்? இப்ப கேளுங்க.”

“ஒங்கள்ட்டயா?”

ஜெபராணி மோவாயால் கோமதியைக் காட்டினார்.

சங்கரபாண்டி தகரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

“கோமதி, என்ன கலர் அடிச்சா நீ ஏறுவ?”

சேலைக்கடையில் உட்கார்ந்தவள்போல அவள் அவசரப்படாமல் யோசித்தாள்.

“கத்தரிப்பூக் கலர்.”

கத்தரிப்பூக் கலரில் ஒரு ஸ்கூட்டரை சங்கரபாண்டி கனவிலும் கண்டதில்லை. எச்சிலை விழுங்கினார்.

“சரி. கத்தரிப்பூவே அடிச்சிருவோம். பின்னால ஏறுவேல்லா?”

“பின்னாலயா?” கோமதி கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். “பின்னால நீங்க ஏறுங்க. சாவியக் குடுங்க.”