நூலளவு இடைவெளி

ரெஜினா மேடத்தின் ஆய்வகத்தில் அவரைவிட வயதில் மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். பெயர் செவந்தியப்பன். காலேஜ் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். "வாங்க மாணவரே" என்று மேடம் கேலி செய்வார்.

அங்கே செய்தது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். உடம்புக்குள் போய்ப் புற்றுக்கட்டியில் சும்மா படுத்துக்கிடக்கும். காதுக்குக் கேட்காத ஒலியை வெளியிலிருந்து பாய்ச்சினால் விழித்துக்கொண்டு கட்டியை அழிக்கும். எலிகளில்கூட இன்னும் முழுசாக வேலை முடியவில்லை.

ஊரில் செவந்தியப்பனின் தங்கை பொன்னுத்தாய்க்குக் கணையத்தில் புற்று.

"ஒருநடை வந்துட்டுப் போண்ணே" என்பாள் போனில்.

"வெறுங்கையோட எப்படித்தா வர்றது? மருந்தோட வாரேன்."

"மருந்து கிடக்கட்டும். நீ வா."

அவர் போனது சாவுக்குத்தான். அவள் கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. "உனக்குன்னு போட்டு வச்சிருந்தா" என்றாள் அம்மா. அவர் அதில் உட்காரவில்லை. காரியம் முடிந்த கையோடு ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டார்.

"மேடம், துகளை இன்னும் வேகமா முடிச்சிருந்தா அவ பிழைச்சிருப்பாளா?"

மேடம் சோதனை மேசைக்குப் போனார். துகள் கலந்த மஞ்சள் கரைசலை ஒரு தட்டில் ஊற்றினார். துகள் விழித்தால் மஞ்சள் வெளுக்கும். ஒலிக்கருவியின் முனையைத் தட்டுக்கு அடியில் நூலளவு தள்ளிப் பிடித்தார்.

"பவரைக் கூட்டுங்க."

செவந்தியப்பன் கூட்டினார். மஞ்சள் அப்படியே இருந்தது.

"இன்னும்."

"முழுசா வச்சாச்சு மேடம். நீங்க ஜெல் தடவாம பிடிச்சிருக்கீங்க. இடையில காத்து இருக்கு. என்ன பவர் வச்சாலும் ஒலி தாண்டாது."

"துகள்தான் சரியில்லையோ?"

"அது மேல பழியைப் போடாதீங்க. ஒட்டி வச்சாத்தானே..."

பாதியில் அவர் வாய் நின்றுபோனது.

மேடம் ஜெல்லைத் தடவி முனையைத் தட்டோடு ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல இப்ப யாரு?"

"அம்மா மட்டும். நாலு நாள் இருந்துட்டுப் போடான்னுச்சு. இந்த எலிச் சோதனைய முடிச்சிட்டு, ஏதாவது நல்ல சேதியோட போகலாம்னு..."

மேடம் கருவியை அணைத்தார்.

"சாயங்கால பஸ்சுக்குக் கிளம்புங்க. வெறுங்கையோட போங்க."