ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கியது

அந்தக் காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஆள்காட்டிக்கு அந்தப் பெயர் கிடையாது. அதுவும் மற்றப் பறவைகளைப் போல மரத்தில்தான் குடியிருந்தது. கருங்காட்டில், ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் அதன் கூட்டம் நிறைந்து கிடந்தது.

கருங்காடு யானைகளின் நாடு. மலையிலிருந்து ஆறு வரைக்கும் அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஆற்றுக்கு அக்கரையில் மான்களின் புல்வெளி. அதற்கும் அப்பால் சதுப்பில் எருமைகள் இருந்தார்கள். யானைகள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும், அக்கரை முழுவதும் கேட்டுக்கொள்ளும். யானையின் பலத்தைக் கண்ட பயம் பாதிக் காரணம். யானை சொன்னால் சொன்னதுதான் என்ற நம்பிக்கை மீதிப் பாதி. ஆற்றைத் தாண்ட மாட்டோம் என்று யானைகள் என்றோ கொடுத்த வாக்கு மூன்று தலைமுறையாக நின்றிருந்தது.

யானைகளுக்குத் தலைவி கருமாத்தாள். அக்கரையோடு பேச அவளுக்கு ஒரு தூது தேவைப்பட்டது. யானையே போனால் அது பேச்சு வார்த்தையாக இருக்காது, மிரட்டலாகிவிடும். அதனால் நீர்மருதக் கூட்டத்திலிருந்து செம்பி என்ற பறவையைப் பிடித்தாள். செம்பிக்குக் கணீரென்ற குரல். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவாள்.

செம்பி அக்கரையில் ஏழு வருஷம் இருந்தாள்.

புல்வெளியில் மரமே இல்லை. முதல் மாதம் தரையில் உட்கார்ந்தபடி அவளால் கண்மூட முடியவில்லை. பிறகு பழகிப்போனது. மான்கள் அவளிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டன. ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றியும் புல்லைப் பற்றியும் மாறிவிடும். குட்டிகள் ஓடி வந்தால் தாய்கள் கூப்பிட்டுக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை கருங்காட்டுக்குப் பறந்து போய், பார்த்ததைச் சபையில் சொல்லுவாள். அங்கே அவளுடைய சொந்தக் கூட்டமே, "அக்கரைக்காரி வந்துட்டா" என்று சொல்லிக் கிளையில் கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

மான்களின் தலைவி மருதி மட்டும் சாயங்கால வேளையில் அவள் பக்கத்தில் வந்து படுத்து அசைபோடுவாள். இருவரும் அதிகம் பேசியதில்லை. ஒருநாள் மருதி கேட்டாள்.

"ஊர் ஞாபகம் வருதா, செம்பி?"

"வருது. போனா இந்த இடத்து ஞாபகம் வருது."

"அப்போ எங்கேதான் நிம்மதியா இருப்பே?"

செம்பி யோசித்துப் பார்த்தாள். "ஆத்துக்கு மேலே பறக்கும்போது" என்றாள்.

ஏழாவது வருஷம் மழை பொய்த்தது. ஆறு மணலாகிவிட்டது. கருங்காட்டுச் சுனைகள் வற்றின. அக்கரைப் புல்வெளியில் மான்கள் குடிக்கும் மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. பங்குனி மாதத்தில் ஒரு யானைக்கன்று தாகத்தில் செத்துப்போனது. கருமாத்தாள் சபையைக் கூட்டினாள்.

செம்பி சபைக்குப் பறந்து வரும்போதே ஒன்றைப் பார்த்தாள். ஆற்றுக்கு இறங்கும் பாதையில் மூங்கில்களை முறித்துப் போட்டு வழியை அகலமாக்கியிருந்தார்கள். முறிந்த இடம் காய்ந்திருந்தது. முறித்து நாலைந்து நாள் இருக்கும், சபை கூட்டும் முன்பே.

சபையில் கொம்பையன் என்ற பெரிய ஆண் யானை முதலில் பேசினான். "கேட்டுக்கிட்டு நிக்க நாம என்ன முயலா? போவோம், குடிப்போம். தடுக்க யார் இருக்கா?"

"பலாத்காரமாப் போனா மானும் எருமையும் ஒண்ணு சேர்ந்துடும்" என்றாள் கருமாத்தாள். "தினம் தினம் காவல் காக்கணும். அதுக்கு நம்மகிட்ட தெம்பு இல்லை."

கன்றை இழந்த தாய் சபை நடுவில் நின்றாள். எல்லாருடைய கண்ணும் அவள் மேலேயே இருந்தது.

செம்பி சொன்னாள்: "பெரியம்மா, மடுவிலே இருக்கிறது கொஞ்சத் தண்ணி. முறை வச்சுக் கேட்டா மருதி தருவா. நான் கேட்டு வாங்கி வர்றேன்."

"எத்தனை வாய் குடிக்க முடியும்?" என்று கொம்பையன் கேட்டான்.

"எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம்."

"கொஞ்சம்!" என்று அவன் தும்பிக்கையைத் தரையில் அடித்தான். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஏழு வருஷமாக அவள் சொன்ன சேதிகளில் வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசினார்கள். மடு ஒருநாளும் வற்றியதில்லை என்று எப்போதோ சொல்லியிருந்தாளே, அது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கடைசியில் கருமாத்தாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மூணு நாள் விருந்தாளியா வர்றோம், குடிச்சிட்டுத் திரும்பிடுவோம்னு போய்ச் சொல்லு."

"திரும்பிடுவீங்களா?"

கருமாத்தாள் தலையை ஆட்டினாள். "திரும்ப மாட்டோம்."

"பெரியம்மா, அப்போ அது பொய்யாச்சே."

"நீ சொன்னா நம்புவாங்க, செம்பி. இத்தனை வருஷம் உன்னை அங்கே வச்சிருந்தது அதுக்குத்தான்." தலைவியின் குரல் கடுமையாக இல்லை. "எனக்கு மட்டும் இது பிடிச்சிருக்குன்னு நினைக்கிறியா? இந்தக் காட்டிலே இன்னும் பதினாலு கன்று இருக்கு."

செம்பி பறந்து போனாள். ஆற்றுக்கு மேலே இந்தத் தடவை அவளுக்கு நிம்மதி இல்லை. சொல்லச் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் மருதியிடம் சொன்னாள். மருதி அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். "நீ சொல்றே. சரி" என்றாள். மான்கள் மடுவின் ஒரு கரையை யானைகளுக்கு ஒதுக்கிவிட்டு, மறு கரைப் புல்லில் குட்டிகளைப் படுக்கவைத்தன.

மறுநாள் காலை யானைகள் ஆற்றில் இறங்கினார்கள். விருந்துக்கு வருகிறவர்கள் போல ஒருவர் பின் ஒருவராக வரவில்லை. மடுவை மூன்று பக்கமும் வளைப்பதுபோல் விரிந்து வந்தார்கள். புல்லுக்குள் கிடந்த குட்டிகள் கொம்பையனின் காலடிக்கு நேரே இருந்தன. அவனுக்கு அது தெரியாது. மருதிக்கும் தெரியாது. மேலே பறந்துகொண்டிருந்த செம்பிக்கு மட்டும் தெரிந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

"வர்றாங்க! வர்றாங்க! ஓடுங்க, வர்றாங்க!"

அந்தக் குரல் புல்வெளியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தாய்கள் பாய்ந்து குட்டிகளைக் கிளப்பின. யானைகள் வந்து சேர்ந்தபோது மடு இருந்தது, மான் ஒன்றுகூட இல்லை. எருமைகளுக்கும் பன்றிகளுக்கும் அன்று மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

பதினோராம் நாள் மழை கொட்டியது. யானைகள் கருங்காட்டுக்குத் திரும்பினார்கள். கன்றுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் அதற்குப் பிறகு யானையின் வார்த்தையை அக்கரையில் யாரும் வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை.

செம்பி மருதியைத் தேடிப் போனாள். மருதி எழுந்து நின்றாள்.

"கத்திக் காப்பாத்தினது நீதான். இல்லைன்னு சொல்லலை" என்றாள். "ஆனா எங்களை அங்கே நிக்க வச்சதும் நீதானே."

செம்பி எழும்பிப் பறந்தாள். கருங்காட்டுக்குப் போனாள். கருமாத்தாள் அவளைத் தண்டிக்கவில்லை. "இனிமே நீ இங்கே வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். நீர்மருத மரத்தில் அவளுடைய கூட்டம் கிளை முழுக்க நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு இடம் விடவில்லை.

அவள் ஆற்றங்கரைப் பொட்டலில் இறங்கினாள். காட்டுக்கும் சேராத, புல்வெளிக்கும் சேராத இடம் அது. பல நாள் கழித்துக் கூட்டத்திலிருந்து ஓர் ஆண் பறவை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அந்த வெறுந்தரையிலேயே கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிட்டாள். அந்தப் பக்கம் யார் வந்தாலும், யானையோ, மானோ, வில்லோடு பதுங்கி வந்த மனிதனோ, யாருக்காக என்று பார்க்காமல் எழும்பிக் கத்தினாள்.

ஆள்காட்டி எந்த மரத்திலும் உட்காராமல் பொட்டலில் தனியாகக் குடியிருப்பதும், எவர் தலை தெரிந்தாலும் ஊரறியக் கத்துவதும், ஆளைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றதும் அந்தப் பங்குனி முதல்தான்.