எட்டுப் பாகக் கயிறு

விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கச் சோம்பல்படாதவர்களுக்கு இந்தக் கதை. எண்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒன்றைக் கோட்டைவிட்டாலும் கடைசியில் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். கரைக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறை. நீர் வற்றும்போது அதன் தலை அரையடி வெளியே தெரியும். நீர் ஏறினால் ஒன்றரை அடி கீழே போய்விடும். ஆபத்து அப்போதுதான். அங்கே ஒரு மிதவை கட்டித் தரும்படி, மீன் இறங்குதளம் கட்ட வந்திருந்த பொறியாளர் நந்தகோபனை ஊரார் கேட்டார்கள். நல்ல மனிதர், உடனே ஒப்புக்கொண்டார்.

பாறையை ஒட்டிய ஆழத்தை அளந்தவர் சூசை மிக்கேல், ஊரிலேயே நெட்டையானவர். நீர் நன்றாக ஏறியிருந்த நேரத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த அளவுக்குக் கைகளை விரித்து விரித்து எண்ணி, "ஏழு பாகம், சார்" என்றார். கடற்கரையில் பாகம் என்றால் விரித்த இரு கைகளின் நீளம். சூசைக்கு அது ஆறடி.

பொறியாளரின் பையில் மீட்டர் டேப் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஊர் வார்த்தை தெரிந்த பெருமையில், "பாகம்னா ஆறடி, எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டார். தளர்வுக்கு ஒரு பாகம் கூட்டி, "எட்டுப் பாகம்" என்று சீட்டெழுதிக் கயிற்றுக்கடைக்கு அனுப்பினார்.

கடை செசிலியுடையது. அங்கே வருகிறவர்கள் தாங்களே கை விரித்து அளந்து, வேண்டியதை வெட்டச் சொல்வார்கள். சீட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அதனால் செசிலியே அளந்தார். குள்ளமான உடம்பு, கைகளை எவ்வளவு விரித்தாலும் ஐந்தடிதான். முடிச்சுக்கு வேண்டியதைத் தனியாக விட்டு, எட்டு முறை விரித்து வெட்டிக் கொடுத்தார்.

கயிற்றின் ஒரு நுனியில் நங்கூரக் கல்லையும் மறுநுனியில் மிதவையையும் கட்டி இறக்கிய நேரம் நீர் வற்றியிருந்தது. சிவப்பு மிதவை மேலே நின்றது. எல்லோரும் கைதட்டிவிட்டுக் கரை திரும்பினார்கள்.

அடுத்த வாரம் நெத்திலி சீசன் தொடங்கியது. நீர் ஏறியிருந்த ஒரு காலையில் கஸ்பார் படகோட்டி வந்தார். சிவப்பு கண்ணில் படவில்லை. பாறை இன்னும் தள்ளி இருக்கிறது என்று நம்பி, வேகத்தைக் குறைக்காமல் வந்தார். படகின் அடி கிழிந்தது. அவர் நீந்திப் பிழைத்தார். ஆனால் அவருக்கு இருந்தது அந்த ஒரு படகு, சீசனோ நாற்பதே நாள்.

ஊர்க் கமிட்டி கூடியது. தவறு யாருடையதோ அவர் படகைச் சரிசெய்து தர வேண்டும். அதுவரை தன் தொழிலுக்குப் போகக் கூடாது என்று முடிவானது.

"நான் அளந்த ஏழு ஏழுதான். இப்பவும் வந்து அளக்கேன்" என்றார் சூசை.

"சீட்டுல எட்டுன்னு இருந்துச்சு, எட்டுதான் வெட்டுனேன். ஒரு சாண் குறைஞ்சிருந்தா என்னையக் கேளுங்க" என்றார் செசிலி.

"நான் அளக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. கூட்டினேன், அவ்வளவுதான். ஏழும் ஒண்ணும் எட்டு" என்றார் நந்தகோபன்.

கஸ்பார் எழுந்தார். "எல்லாரும் சரின்னா, பாறைதான் தப்பாக்கும்?"

மூவர் சொன்ன எண்ணும் சரி. பிறகு மிதவை ஏன் முங்கியது? படகைச் சரிசெய்து தர வேண்டியவர் யார்?

விடை: சூசையின் ஏழு பாகம் நாற்பத்திரண்டு அடி. செசிலியின் எட்டுப் பாகம் நாற்பதே அடி. நீர் இரண்டடி வற்றியிருந்தபோது கயிறு மட்டுக்கு மட்டாகப் போதுமாக இருந்தது. நீர் ஏறியதும், பாறை ஒளிகிற அதே நேரத்தில் மிதவையும் ஒளிந்துகொண்டது. அளந்தவரே வெட்டவும் சொன்ன காலம்வரை பாகம் யாரையும் ஏமாற்றியதில்லை. ஒருவர் கையின் அளவை வெறும் எண்ணாக்கி இன்னொருவர் கைக்கு அனுப்பியவர் நந்தகோபன். எந்தக் கைக்கும் மாறாத டேப் அவர் பையிலேயே கிடந்தது. தீர்ப்பை அவர் மறுக்கவில்லை. இறங்குதள வேலையை நிறுத்திவிட்டு, ஆள் வைத்துத் தானும் கூட நின்று, பதினோரு நாளில் படகைச் சரிசெய்தார். மிதவைக்குப் புதுக் கயிறும் கட்டினார், இந்த முறை டேப் பிடித்து. பன்னிரண்டாம் நாள், நீர் ஏறிய வேளையில் கஸ்பார் படகை இறக்கினார். சிவப்பு தூரத்திலேயே தெரிந்தது.