தோகை நனையாத மீன் டாக்டர்

மலையடிக் காட்டில் ஒரு குளம் இருந்தது. மேலிருந்து ஓடைத் தண்ணீர் சலசலவென்று அதில் விழும். அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த குளம். காட்டு மிருகங்கள் தங்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அதோ பார், கெண்டை! இதோ பார், ஆமை!" என்று காட்டிவிட்டுப் போகும்.

குளத்துக்கு ஒரு டாக்டரும் உண்டு. அது ஒரு பெண் நீர்நாய். மீன் தின்பதை விட்டுவிட்டு, நண்டு மட்டும் தின்று வந்தது. அதனால் நண்டுகள் மட்டும் அதனிடம் வைத்தியத்துக்கு வருவதில்லை.

ஒருநாள் மயில் ஒன்று கரைக்கு வந்து நின்றது.

"டாக்டரம்மா! எனக்கும் மீன் வைத்தியம் கற்றுக் கொடுங்கள்!"

"எதற்கு?"

"எல்லாரும் என்னை டாக்டர் என்று கூப்பிட வேண்டும்!"

அந்தப் பதிலில் மீன் எங்கே இருக்கிறது? நீர்நாய்க்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உதவிக்கு ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தது அதற்கு. "விடிந்ததும் வா" என்றது.

விடிந்ததும் பயிற்சி தொடங்கியது.

"முதல் பாடம் தண்ணீர். மீனுக்கு வீடும் அதுதான், காற்றும் அதுதான். தினமும் இறங்கி முகர்ந்து பார். வாடை கெட்டிருந்தால் மருந்து தேடாதே, தண்ணீரைச் சரி செய். மீனைத் தொடும் முன் காலை நனைத்துக்கொள். காய்ந்த கால் பட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்து, மேலெல்லாம் புண்ணாகிவிடும்."

"இறங்க வேண்டுமா? தோகை நனைந்துவிடுமே!"

"நனையத்தான் செய்யும்!"

"நான் கரையில் நின்றே படித்துக்கொள்கிறேனே!"

"கரையில் நின்று படித்தால் கரைக்குத்தான் வைத்தியம் பார்க்கலாம்!" என்று சொல்லிவிட்டு நீர்நாய் முங்கிவிட்டது.

மயில் கரையை விட்டு இறங்கவே இல்லை. நீர்நாய் முகர்ந்து பார்க்கும் தண்ணீரில் அது தன் முகம் பார்த்துக்கொண்டது. நோய்களின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தது. பெயர் சொல்ல நனைய வேண்டியதில்லை அல்லவா!

பிறகு அது காட்டுத் தலைவரான கொம்பன் யானையிடம் போயிற்று.

"தலைவரே! குளத்துக்கு வருகிறவர்கள் முதலில் யாரைப் பார்க்கிறார்கள்? சேறு அப்பிய நீர்நாயை! இது நம் காட்டுக்கு அழகா?"

யானை யோசித்தது. யானை யோசித்தால் நேரம் நிறைய ஆகும். பலன் வேறு விஷயம்.

"உனக்கு வைத்தியம் தெரியுமா?"

"செவுள் அழுகல்! செதில் வீக்கம்! வால் பூஞ்சை!"

"அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தது யானை. ஒரு மீனைக் காட்டிச் சோதிக்கவில்லை. குளத்தில் ஒரு கெண்டையைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. மறுநாளே மயில் டாக்டர் ஆயிற்று. நீர்நாயை மேல் ஓடைக்கு விரட்டிவிட்டார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நம் மயிலுக்கு அந்த ஆயிரத்துக்கும் அவசரம்!

புது டாக்டரின் முதல் உத்தரவு என்ன தெரியுமா? "தலைவரே, ஓடைத் தண்ணீர் விழுந்தால் குளத்தில் அலை வருகிறது. என் நிழல் கலைந்து கலைந்து தெரிகிறது. அதை அடைத்துவிடுங்கள்!" யானையும் ஒரு பாறையை உருட்டி ஓடை வாயை அடைத்தது. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது உத்தரவு வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. "எல்லாரும் அத்திப்பழம் கொண்டுவந்து போடுங்கள்! மீன்கள் மேலே வரும்! நானும் ஆடுவேன்!"

கூட்டம் அலைமோதியது. மீன்கள் தின்றது கொஞ்சம். மிச்சமெல்லாம் அடியில் போய் அழுகியது. தெளிந்த குளம் கழனித்தண்ணீர் போல் கலங்கியது. நாற்றம் பொறுக்காமல் மயில் உயரமான பாறைமேல் ஏறிக்கொண்டது.

தாய்க் கெண்டை கரையோரம் வந்து கெஞ்சியது. "டாக்டர்! தண்ணீர் கெட்டுவிட்டது. என் குஞ்சுகளுக்கு மூச்சு இரைக்கிறது!"

"செவுள் அழுகல்!" என்றது மயில், பாறையிலிருந்தே.

"செவுள் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை இறங்கிப் பாருங்களேன்!"

"டாக்டர் நீயா, நானா?"

மறுநாள் காற்றே இல்லை. ஒரே புழுக்கம். காலையில் குளத்துக் கெண்டைகள் அத்தனையும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மிதந்தன. மயிலுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்கள்! பழம் போடாமலே வந்துவிட்டன! என்னைப் பார்த்து வாயைப் பிளக்கின்றன!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. மயில் தோகையை விரித்து ஆடத் தொடங்கியது.

"ஐயோ, உன்னைப் பார்க்க வரவில்லை!" என்று கதறியது தாய்க் கெண்டை. "உள்ளே மூச்சு விட முடியவில்லை! என் பிள்ளைகளைக் காப்பாற்று!"

"இரு, இரு! ஆட்டம் முடியட்டும்!"

ஆட்டம் முடிந்தது. கெண்டைக் குஞ்சுகளும் முடிந்துவிட்டன. வெள்ளை வயிறு மேலே தெரிய அவை மிதந்தன. "இருந்தாலும் ஆட்டம் பிரமாதம்!" என்றது ஒரு காட்டுப்பன்றி.

ஆமை தத்தித் தத்திப் போய் நீர்நாயை அழைத்து வந்தது. நீர்நாய் வந்ததும் தண்ணீரை ஒரு தடவை முகர்ந்தது. "தலைவரே, பாறையைத் தள்ளுங்கள்!" என்று கத்தியது. யானை பாறையைத் தள்ளியது. ஓடை கொட்டியது. யானையின் துதிக்கை அழுகல் பழங்களை அள்ளிக் கரையில் கொட்டியது. சாயங்காலத்துக்குள் உயிர் மிஞ்சிய மீன்கள் கீழே இறங்கின. தாய்க் கெண்டையும் இறங்கியது. அதன் பின்னால் போக ஒரு குஞ்சுகூட இல்லை.

யானை மயிலைப் பார்த்து உறுமியது. "மீன்கள் சாகக் கிடக்கின்றன என்றுகூடவா தெரியவில்லை உனக்கு?"

"என்னைப் பார்த்தால் எல்லாரும் வாயைத்தான் பிளப்பார்கள், தலைவரே! அதை நோய் என்று நான் எப்படி நினைப்பேன்?"

யானை அதை அடிக்கத் துதிக்கையை ஓங்கியது. நீர்நாய் குறுக்கே வந்து நின்றது.

"அதை அப்புறம் அடிக்கலாம். அதை டாக்டர் ஆக்கியது யார்?"

ஓங்கிய துதிக்கை மெல்லக் கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்து மயில் நழுவிவிட்டது. அடுத்த காட்டுக்குப் போய், "நான் பெரிய மீன் டாக்டர்!" என்று சொல்லிக்கொண்டதாம். அங்கே மட்டும் ஒரு யானை இல்லாமலா போகும்!

அறியாதவன் அறிந்தவனாய் நடிப்பது மடமை. அவனைச் சோதித்துப் பார்க்காமல் பிறர் உயிரை அவன் கையில் ஒப்படைப்பது அதைவிடப் பெரிய மடமை.