சைலன்சர் வாய் திறந்தது

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பழைய கார் இருந்தது. செவிலியர் வேதநாயகி அதை ஓட்டினாள். புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவாள். மேலே, பஸ் போகாத ஊர்களில் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருப்பார்கள்.

ஒரு புதன்கிழமை, மூன்றாவது வளைவில் கார் திணறியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. நான்காவது வளைவில் நின்றேவிட்டது. பெட்டியில் ஐஸ் கரைவதற்குள் வேதநாயகி வண்டியை இறக்கத்தில் உருட்டித் திரும்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை மெக்கானிக் காதர்மைதீனின் பட்டறைக்குப் போனாள்.

"சமதரையில ஓடிடுது பாய். ஏத்தத்துல மூச்சு வாங்குது."

அவர் பிளக்குகளை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஓட்டிப் பார்த்தார். பலன் இல்லை.

"வயசாயிடுச்சும்மா. இஞ்சினைத்தான் இறக்கிப் பிரிக்கணும் போல. ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? மேல இருக்கற புள்ளைங்களுக்கு ஊசி தள்ளிப்போயிடுமே பாய்."

"வேற வழி தெரியலையே. சாப்பிட்டு வந்து ஆரம்பிக்கிறேன்."

அவர் போனதும், வேதநாயகி வாசல் திண்ணையில் காத்திருக்கையில், பானெட்டுக்குள் பேச்சு எழுந்தது.

"நான் இப்பத்தான் பூட்டின பிளக். என்மேல தப்பில்லை."

"நானும் சுத்தமாத்தான் பெட்ரோல் தர்றேன்" என்றது கார்புரேட்டர். "இஞ்சினுக்குத்தான் பலம் போயிடுச்சு."

"முழு பலத்தோடதான் தள்ளுறேன். ஏன் நகரலைன்னு எனக்கே தெரியலை" என்றது இஞ்சின். "என்னைப் பிரிச்சுப் போட்டா மறுபடி சேர்ப்பாங்களா?"

வண்டிக்கு அடியிலிருந்து சைலன்சர் கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் சத்தத்தை விழுங்கியே பழகியது அது. போன மழைக்காலத்தில் அதன் வயிற்றுக்குள் ஒரு தகடு உடைந்து வழியை மறித்துக்கொண்டது. அதன் பின்னால் நாளுக்கு நாள் கரி அடைந்தது. தகடு ஆடிச் சத்தம் வராதபடி சைலன்சர் அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தப்பு என்கிட்டதான்" என்று இஞ்சினிடம் சொன்னது சைலன்சர். "போன மழையிலேயே உள்ள ஒரு தகடு உடைஞ்சு அடைச்சுக்கிச்சு. நீ விடுற புகை வெளிய போக வழியில்லை. அது உன்னையே திருப்பித் தள்ளுது."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"சத்தம் போடாம இருக்கறதுதான் என் வேலைன்னு நெனச்சேன். சொன்னா அறுத்துப் பார்ப்பாங்கன்னு பயமும் இருந்தது."

இஞ்சின் கோபப்படவில்லை. "ஆறு மாசமா தனியாவா வலிச்சுக்கிட்டு இருந்தே?" என்று மட்டும் கேட்டது.

காதர்மைதீன் திரும்பி வந்து, கடைசியாக ஒருமுறை இஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தார். சைலன்சர் தகட்டின் பிடியை விட்டது.

கடகடவென்று ஆடியது தகடு.

அவர் குனிந்தார். வேதநாயகியை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்று லேசாகத்தான் பட்டது.

"அடைப்பு இங்க இருக்கும்மா. உள்ள போற வழியையே பார்த்துக்கிட்டிருந்தேன். வெளிய போற வழியைப் பார்க்கவே இல்லை."

சைலன்சரைக் கழற்றி அறுத்தார். உடைந்த தகட்டை எடுத்தார், கரியைத் தட்டினார், புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். சைலன்சருக்கு வலிக்கத்தான் செய்தது. சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

அடுத்த புதன்கிழமை நான்காவது வளைவைத் தாண்டிக் கார் ஏறியது. மேலே தாய்மார்கள் எழுந்து நிற்பது தெரிந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டது இஞ்சின்.

"இப்ப இல்லை" என்றது சைலன்சர். "வலிச்சா சொல்றேன்."