திரும்பி வராத எண்ணெய்

ஜெசிந்தாவிடம் வேலை கற்க வந்தபோது தர்மக்கண்ணுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு.

தூத்துக்குடியில் துக்க வீடுகளுக்குப் போகும் ஃப்ரீசர் பெட்டிகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில். முன்பு ஐடிஐயில் பாடம் நடத்தியவள். அதனால் ஊரில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

தர்மக்கண் இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டவர். கப்பல் வேலை நின்றுபோனது. ஒரு நாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"என்னைச் சேர்த்துக்கிடுவீங்களா, டீச்சர்?"

"என்ன தெரியும் உங்களுக்கு?"

"எண்ணெய் தெரியும்."

"அதை மறக்க முடியும்னா வாங்க, அண்ணாச்சி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பட்டறையில் இரண்டு வகை எண்ணெய் இருந்தது. ஒன்று, குளிரூட்டப் பழைய வகை கேஸ் ஓடும் பெட்டிகளுக்கு. இன்னொன்று புது கேஸ் ஓடும் பெட்டிகளுக்கு. எந்தப் பெட்டியில் எந்த எண்ணெய் என்று ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் பெயின்ட்டால் எழுதியிருப்பாள். பழைய பெட்டி ஒன்றைப் புது கேஸுக்கு மாற்றும்போது கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெயைக் கவிழ்ப்பாள். புது எண்ணெய் விட்டு ஓட்டுவாள். மறுபடி கவிழ்ப்பாள். இப்படி மூன்று தடவை. இரண்டு நாள் அதிலேயே போய்விடும்.

தர்மக்கண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"கப்பல்ல அவசரத்துக்கு ஒண்ணோட ஒண்ணு ஊத்தியிருக்கோம், டீச்சர். கப்பல் போகத்தான் செஞ்சுது. இதுல மட்டும் ஏன் கூடாது?"

ஜெசிந்தா ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தாள். இரண்டு எண்ணெயையும் அதில் ஊற்றி ஸ்குரூடிரைவரால் கலக்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தெளிவாக, ஒரே நிறமாக இருந்தது.

"எது எதுன்னு தெரியுதா?"

"தெரியல. நல்லாக் கலந்துட்டு."

"கப்பல்ல எண்ணெய் இன்ஜினை விட்டு எங்கேயும் போகாது. இங்க கேஸோட சேர்ந்து வெளிய போகுது. குளிர்ந்த குழாய்க்குள்ள சுத்துது. கேஸ் அதைக் கரைச்சுக் கையோட கம்ப்ரசருக்கே கூட்டிட்டு வரணும். இல்லேன்னா கம்ப்ரசர் வறண்டு இறுகிடும். பழைய எண்ணெயைக் கூட்டிட்டு வரப் புது கேஸுக்குத் தெரியாது." டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்க நிக்கும்போது ரெண்டும் ஒண்ணுதான், அண்ணாச்சி. குளிருக்குள்ள போனாத்தான் எது திரும்பி வரும், எது வராதுன்னு தெரியும்."

தர்மக்கண் தலையாட்டினார். மனசுக்குள் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தை மாதம் ஜெசிந்தாவின் தங்கைக்கு மதுரையில் ஆபரேஷன். பட்டறையை அவரிடம் விட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோடு ஆட்டோவிலிருந்து இறக்கும்போது புது கேஸ் பெட்டி ஒன்றின் குழாய் உடைந்தது. எண்ணெய் பாதிக்கு மேல் வெளியே கொட்டிவிட்டது. புது எண்ணெய் டின் காலி. கடைகள் அடைப்பு. தாளமுத்து நகரில் ஒரு வீட்டில் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு பேர் பட்டறை வாசலிலேயே வந்து நின்றுவிட்டார்கள்.

தர்மக்கண் டீச்சருக்கு போன் செய்யலாம் என்று நினைத்தார். செய்தால் வேண்டாம் என்பாள். இந்த இரண்டு பேர் முகத்தைப் பார்த்து யார் சொல்வது?

குழாயைப் பற்றவைத்தார். கொட்டிப்போன அளவுக்குப் பழைய கேஸ் எண்ணெயை ஊற்றினார். கேஸ் நிரப்பினார். பெட்டி ஓடியது. முன்னைவிடச் சத்தம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியின் முதுகில் எழுதியிருந்ததை மாற்றவும் இல்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. பெட்டி ஓடியது. ஒவ்வொரு தடவை அது நல்லபடியாகத் திரும்பி வரும்போதும் அவருக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்.

வைகாசியில் திரேஸ்புரத்தில் செபஸ்தியம்மாள் இறந்தாள். இறால் கம்பெனியில் தோல் உரித்துப் பிழைத்தவள். ஒரே மகள் அமலி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. ஆறு வருடமாக ஊருக்கு வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்யக் கூடாது என்று போனில் கதறினாள். அந்த வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் வந்துவிடுவேன் என்றாள். தர்மக்கண் அங்கே கொண்டுபோய் வைத்தது பழைய எண்ணெய் ஊற்றிய அந்தப் பெட்டியைத்தான்; பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்தார்.

எல்லாவற்றையும் முன்னின்று செய்தவன் செபஸ்தியம்மாளின் தம்பி சூசைமரியான். கடலுக்குப் போகிறவன், கல்யாணம் ஆகாதவன். அக்கா வீட்டிலேயே இருந்தவன்.

இரண்டாம் நாள் உச்சி வெயில். வெளியூரிலிருந்து வந்தவர்கள் முகம் கழுவத் தண்ணீர் இல்லை என்றார்கள். சூசைமரியான் தண்ணீர் மோட்டாரைப் போட்டான். வீட்டு விளக்குகள் ஒரு தடவை மங்கின. பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். பெட்டி நின்றுவிட்டது.

தர்மக்கண் ஓடினார். ஸ்விட்சைப் போட்டால் கம்ப்ரசர் முனகியது, சுற்றவில்லை. தொட்டார். கை சுட்டது. உள்ளே இரும்பு இரும்போடு கடித்துப் பிடித்திருந்தது. எண்ணெய் இல்லாமல் இறுகிப்போன இன்ஜின்களைக் கடலில் பார்த்தவர் அவர். என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"மோட்டாரைப் போட்டதும் நின்னுட்டு, அண்ணாச்சி. வோல்டேஜ் இழுத்துட்டு, என்ன?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

தர்மக்கண் நிமிரவில்லை.

"இருக்கும்," என்றார்.

ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் சூசைமரியான் நின்றிருந்தான். கை ஈரமாக இருந்தது.

ஜெசிந்தாவின் மற்ற மூன்று பெட்டிகளும் வேறு வீடுகளில் இருந்தன. ஊரில் மற்றவர்களிடமும் கிடைக்கவில்லை. பிணவறையில் கேட்டார்கள், இடமில்லை என்று பதில் வந்தது. ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். அக்னி வெயில் அவற்றைக் குடித்தது. மூன்று மணி நேரம் பார்த்தார்கள். பிறகு பெரியவர்கள் சர்ச் சாமியாரிடம் பேசினார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு அடக்கம் முடிந்தது.

மறுநாள் காலை அமலி வந்து இறங்கினாள். அவளுக்குக் காட்ட ஒரு மண்மேடுதான் இருந்தது.

பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததும் தர்மக்கண் சொன்னார். "வோல்டேஜ், டீச்சர்."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். பெட்டி மூலையில் கிடந்தது. மற்ற பெட்டிகளுக்கு வேலை இருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் அதற்கு முறை வந்தது.

கம்ப்ரசரை அறுத்துத் திறந்தாள். அடியில் ஒரு மூடி அளவுகூட எண்ணெய் இல்லை. பிறகு குளிர்க் குழாயின் ஒரு முனையில் காற்றை அடித்து, மறுமுனைக்குக் கீழே தட்டு வைத்தாள். எண்ணெய் கொழகொழவென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது.

தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

தர்மக்கண் அதைத் தொட்டு, இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தார்.

"நான்தான், டீச்சர். தை மாசம். டின் காலி. ஆள் வாசல்ல நின்னாவ."

"ம்."

"அன்னைக்கே தெரிஞ்சுட்டு. வோல்டேஜான்னு கேட்டாவ. இருக்கும்னு சொல்லிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "இப்போ போய்ச் சொன்னா அந்தப் பிள்ளைக்கு அம்மா முகம் கிடைக்குமா? கரண்டுன்னு நினைச்சு மனசைத் தேத்தியிருப்பா. கரண்டு மேல யாருக்கு என்ன கோபம் வரப் போகுது? யாருக்கும் நட்டம் இல்லாம முடிஞ்சு போச்சு. அதைப் போய்க் கிளறணுமா?"

ஜெசிந்தா கையைத் துடைத்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வாங்க."

அமலி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. ஆறு வருடமாகக் குனிந்து வேலை செய்த முதுகு. ஜெசிந்தா தன் பெயரைச் சொல்லி, பெட்டி தன்னுடையது என்றாள். பிறகு ஒதுங்கி நின்றாள்.

தர்மக்கண் தொடங்கினார். "அன்னைக்கு வோல்டேஜும் கொஞ்சம் கம்மியாத்தான்..."

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள்.

அவர் நிறுத்தினார்.

"வோல்டேஜ் இல்லம்மா. நான் தப்பான எண்ணெயை ஊத்தினேன். அதனால நின்னுது. அன்னைக்கே எனக்குத் தெரியும். இன்னைக்கு டீச்சர் பெட்டியைத் திறந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் சொல்லல."

அமலிக்குப் புரிய நேரம் ஆயிற்று.

"அப்போ, மாமா மோட்டார் போட்டதுனால இல்லையா?"

"இல்லம்மா."

"சரியான எண்ணெய் இருந்திருந்தா?"

தர்மக்கண் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா பதில் சொன்னாள்.

"நீங்க வந்து சேருற வரைக்கும் ஓடியிருக்கும்."

அமலி எழுந்தாள். அடிக்க வருகிறாள் என்று தர்மக்கண் நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் மாமாவைத்தான் சொன்னாவ. நானும் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவுல. எங்கம்மா முகத்தை நீதான் அழிச்சேன்னு சொன்னேன். தண்ணி கொண்டுவந்து குடுத்தாரு. தட்டிவிட்டேன்."

தர்மக்கண் வீட்டுக்குள் பார்த்தார். யாரும் இல்லை.

"அவர் இப்போ எங்கேம்மா?"

"போய் அஞ்சு நாளாச்சு. போனை ஜன்னல்ல வச்சுட்டுப் போயிட்டாரு. எங்கேன்னு யாருக்கும் தெரியல."

காற்றில் கருவாட்டு வாசம் வந்தது.

அமலி ஜெசிந்தா பக்கம் திரும்பினாள்.

"நாலு நாளைக்கு முந்தி வந்து சொல்லியிருந்தாலும் உடனே தேடியிருப்போமே. நீங்க ஏன் பெட்டியைத் திறக்கல?"

"வோல்டேஜ்னு சொன்னாரு. அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தேகம் வந்துது. ஆனாலும் விட்டுட்டேன்," என்றாள் ஜெசிந்தா. "அது என் தப்பு."

அமலிக்குப் பதினைந்து நாள்தான் லீவு. போகும்போது மாமாவின் போட்டோ ஒன்றைப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போனாள். தர்மக்கண்ணின் கையில் கொடுக்கவில்லை. மேசை மேல் வைத்தாள்.

தர்மக்கண் முதலில் திரேஸ்புரத்தில் வீடு வீடாகப் போனார். வோல்டேஜ் இல்லை, நான்தான் என்றார். சிலர் திட்டினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் மட்டும், "சூசை வந்தா நான் சொல்லுதேன். வந்தா," என்றார்.

பிறகு போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தருவைகுளம், புன்னக்காயல், மணப்பாடு, குளச்சல். படகு கரை சேரும் இடங்களில் நின்றார். மலையாளக் கரையிலும் கொல்லம் வரை போனார். இந்த ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டவர்களிடம் முழுக் கதையையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை குறுகியது. கடைசியில் இரண்டே வாக்கியம்தான் மிஞ்சியது.

ஒரு இடத்தில் அவன் மாதிரி ஒருவன் வலை இழுக்க வந்ததாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தார். வேறு ஆள். இன்னொரு இடத்தில், கரை ஒதுங்கிய ஒரு உடம்பைப் பார்க்கச் சொன்னார்கள். துணியை விலக்குமுன் கும்பிட்டுக்கொண்டார். அதுவும் வேறு ஆள்.

ஆவணியில் திரும்பி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இடது காலை இழுத்து நடந்தார். ஜெசிந்தா ஒரு பெட்டிக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

"மூணு மாசம் ஆச்சு, டீச்சர்."

"ஆமா."

"ஊர் பூரா சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். சாமியார்கிட்ட சொல்லிட்டேன். கேக்காத ஆள்கிட்டகூடச் சொல்லிட்டேன். அவர் ஒருத்தர்கிட்டதான் சொல்ல முடியல."

அவள் கதவின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்காரான்னே தெரியல," என்றார் தர்மக்கண். "இனியும் எத்தனை நாள் தேடணும், டீச்சர்?"

அவள் முறுக்குவதை நிறுத்தினாள்.

"நான்தான் மோட்டாரைப் போட்டுக் கெடுத்தேன்னு அவர் எத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருப்பாரோ, அத்தனை நாள்."