நாற்பது அடி ஓலை

கொன்றையூர் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரண்மனை ஓலை இல்லாமல் யாரும் கிணறு தோண்டக் கூடாது. மழை இரண்டு வருஷம் கைவிரித்தபோது அரசர் வல்லபதேவர் போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்தில் சந்து தேடுகிறவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை?

கரும்பாலைப் பூதலிங்கம் அப்படிப்பட்டவர். ஓலை வாங்கினார். தோண்டினார். தோண்டிக்கொண்டே இருந்தார். ஆறு ஜோடி மாடு கட்டி இறைத்தார். அவருடைய கரும்பு ஆளை மறைத்து நின்றது. பக்கத்துக் கொடிக்காலில் அங்கம்மையின் கிணறோ பத்தே நாளில் வற்றிப்போனது. வெற்றிலைக் கொடி பச்சைக் குழந்தை மாதிரி. ஒருநாள் தண்ணீர் தப்பினாலும் தலை தொங்கிவிடும். அங்கம்மை அடிக்கிணற்றில் கிடந்த மூன்று குடம் நீரைக் கொடிகளுக்கு ஊற்றினாள். வாடிய இலைகளை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே அரசவைக்கு நடந்தாள்.

"மகாராசா, என் ஊற்றை அந்தப் பூதலிங்கம் உறிஞ்சிட்டாரு!" என்று இலைகளை அவிழ்த்துக் கொட்டினாள்.

அரசர் ஆள் அனுப்பிப் பூதலிங்கத்தின் கிணற்றை அளந்து, அவரையும் ஓலையோடு அழைத்துவரச் சொன்னார். கயிறு விட்டுப் பார்த்தார்கள். நூற்றிருபது அடி!

"உமக்குக் கொடுத்த அனுமதி நாற்பது அடிதானே?" என்று அரசர் உறுமினார்.

பூதலிங்கம் அசரவில்லை. "நாற்பது அடிதான் தோண்டினேன், பிரபு. அடி என்றால் பாதம் என்று ஓலையில் எங்கே எழுதியிருக்கிறது? நடக்கும்போது எடுத்து வைக்கிறோமே, அதுவும் அடிதான். நான் எட்டி வைத்தால் ஒரு அடிக்கு மூன்று பாதம். கணக்குச் சரி!"

தாம் முத்திரை வைத்த ஓலையில் இல்லாத சொல்லை இப்போது சேர்க்க அரசருக்கு மனமில்லை. அவர் அமைச்சர் செவ்வந்தியப்பரைப் பார்த்தார். அந்த நாட்டில் எங்கே முடிச்சு விழுந்தாலும் அவிழ்ப்பவர் அவர்தான்.

செவ்வந்தியப்பர் ஓலையை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"பூதலிங்கம் சொல்வது சரி, மன்னா. இன்ன அடி என்று ஓலையில் இல்லை."

இவருமா? பெரிய இடத்துக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று எண்ணியபடி அங்கம்மை தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கக் குனிந்தாள்.

"பொறு தாயே" என்ற செவ்வந்தியப்பர், ஓலையை உரக்கப் படித்தார். "'கரும்புத் தோட்டத்துக் கிணற்றில் பூதலிங்கத்துக்கு நாற்பது அடி கொடுக்கலாம்.' இவ்வளவுதானே இருக்கிறது?"

"அவ்வளவேதான்!" என்றார் பூதலிங்கம் பெருமையாக.

"வாங்கியவர் தமக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொண்டார். கொடுக்கிறவர்கள் நாம். நமக்குப் பிடித்த பொருளை நாமும் எடுத்துக்கொள்ளலாமே? யாரங்கே! மல்லன் சடையனைச் சவுக்கோடு கூப்பிடு. கிணற்றில் வைத்தே நாற்பது அடியையும் கொடுத்துவிடலாம். ஒன்றுகூடக் குறையக் கூடாது. அரச ஓலை!"

சடையன் வந்து நின்றான். வாசல் பாதி மறைந்தது. பூதலிங்கம் அமைச்சரின் காலில் விழுந்தார்.

"ஐயோ, பாதம்தான் சாமி! சாதாரணப் பாத அடிதான்!"

"அப்படியானால் கிணறு எண்பது அடி கூடுதல்."

"மூடிவிடுகிறேன், ஐயா!"

"அங்கம்மையின் கிணறு மறுபடி ஊறும்வரை அவள் கொடிகளுக்கு?"

"என் மாடுகளே இறைக்கும்!"

"இன்னைக்கே. பொழுது சாயறதுக்குள்ள" என்றாள் அங்கம்மை.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பர் கழுத்தில் போட்டார். "இந்த வம்பு இனி வேண்டாம். எல்லா ஓலையிலும் அடியை எடுத்துவிட்டு முழம் என்று எழுதச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், மன்னா. அடியே இருக்கட்டும்" என்றார் செவ்வந்தியப்பர். "அளவோடு தோண்டுகிறவருக்கு அது அளவு. அளவு மீறுகிறவருக்கு அது அடி!"